வலையில் அகப்பட்ட பதினான்கு மீன்கள்

காலை ஆறரைக்குக் கண்டியிலிருந்து பஸ் எடுத்தேன். சண்டை மறுபடி தொடங்கித் திருகோணமலைப் பாதை மூடப்பட்டதால் எங்கள் அலங்கார மீன் கடைக்குக் கடல் மீன் வரத்து நின்றிருந்தது. கடைக்காரர் ரவூப் நாநா ஹுன்னஸ்கிரிய ஓடை மீன்களை வாங்கினார். வாங்கிய மூன்றாம் நாளே எல்லாம் செத்து மிதந்தன.

"மருந்தால புடிச்ச மீன் போல தம்பி. எல்லாமே மௌத்தாப் போச்சு" என்றார்.

"நேரிலை போய்ப் பாத்திட்டு வாறன் நாநா" என்றேன். தொட்டிகளைக் கவனிப்பவன் நான்தான்.

தெல்தெனிய தாண்டி மலை ஏறி, எட்டரைக்கு ஹுன்னஸ்கிரியவில் இறங்கினேன். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் நடை. எங்களுக்கு மீன் தரும் செல்வராஜ் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தார். எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் மனைவி பாக்கியம்தான் பேசினார்.

"மீன் மயங்கப் பவுடர் கரைச்சு ஓடையில ஊத்துறாருங்க. கொழும்பு யாவாரி குடுத்தது. கீழ் லயத்துப் புள்ளைங்க அந்தத் தண்ணியத்தான் குடிக்குதுங்க. ரெண்டு நாளா வாந்தி."

"நீங்க வாரம் அம்பது மீன் கேட்டா வேற என்னங்க செய்றது?" என்றார் செல்வராஜ்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த ஐம்பதைக் கேட்டு எழுதியனுப்பியவன் நான்.

"இனி அம்பது வேண்டாம். வலையிலை அம்பிடுறதை மட்டும் தாங்கோ, பத்தெண்டாலும் சரி. விலையைக் கூட்டித் தரச் சொல்லி நான் கேக்கிறன். பவுடர் போட்டால் ஒண்டும் வேண்டாம்."

பாக்கியம் பவுடர் டின்னை எடுத்துப்போய் ஓடைக்கு எட்டாத இடத்தில் குழிதோண்டிப் புதைத்தார். பிறகு ஓடையில் பவுடர் படாத மேல் மடுவில் மூவரும் கொசுவலையோடு இறங்கினோம். குளிரில் கால் மரத்துப்போனது. மூன்று மணி நேரத்தில் பதினான்கு மீன்கள். வயிறு பருத்த சினை மீன்களைத் திரும்ப விட்டது போக எஞ்சிய அந்தப் பதினான்கையும் தண்ணீரோடு பொலித்தீனில் கட்டி என் பைக்குள் வைத்தேன்.

மாலை நான்கு மணிக்குத் தெல்தெனியச் சோதனைச் சாவடியில், திரும்பும் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்றிருந்ததைப் பார்த்த சிப்பாய், என் பைக்குள் கம்பியை விட்டுக் குத்தினான். தண்ணீர் பீறிட்டது. ஓட்டையைக் கையால் பொத்திக்கொண்டு "மாளு, மாளு" என்று சிங்களத்தில் மீன் என்றேன். வரிசையில் நின்ற சிங்களப் பெண் ஒருவர், தான் புதிதாக வாங்கிய வாளியை என் முன்னால் வைத்தார். தன் போத்தல் தண்ணீரையும் ஊற்றினார். கண்டி வரும்வரை வாளியை மடியில் வைத்து, நீரைக் கையால் அள்ளி அள்ளி ஊற்றிக் காற்றேற்றினேன்.

இரண்டு செத்தன.

"பன்னெண்டு மீனுக்கா இவ்ளோ பாடு?" என்றார் நாநா.

"ஓம் நாநா. பவுடர் மீன் வந்தால் நான் தொட்டியிலை விடமாட்டன். வேறை ஆளைப் பாருங்கோ."

அவர் வாளிக்குள் குனிந்து மீன்களை எண்ணினார். பிறகு, "சரி, வலை மீனே வரட்டும். வெலயக் கூட்டிக் குடுப்பம்" என்றார்.

என் ஊர் பருத்தித்துறையில் எங்கள் கடலில் நாங்கள் வலைபோடத் தடை. காவலுக்குக் கடற்படை நிற்கிறது. அந்த மலை ஓடையில் இறங்க யாருக்கும் தடையில்லை. அங்கே பிடித்தது போதும் என்று சொல்ல, வாங்குகிற எங்களைத் தவிர வேறு ஆளில்லை.