தங்கசாமியின் கரடு ஏறும் கார்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர் தங்கசாமி. எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர். 1985-இல் அவருக்கு ஓர் ஆசை பிடித்தது. ரிமோட்டில் ஓடும் சின்னக் கார் செய்ய வேண்டும். அது உழவுக் காட்டிலும், ஊரை ஒட்டிய கல்லுக் குன்றான கரட்டிலும் ஏறி இறங்க வேண்டும். அதை வைத்துத் தனிப்பட்டறை போட வேண்டும். யார் வாங்குவார்கள் என்று கேட்ட பாவத்துக்கு என்னோடு ஆறு மாதம் பேசவில்லை.

அவருடைய மச்சான் செங்கோட்டையன் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரி வைத்திருந்தார். ஒரிசாவில் போர் போட ஆள் தேவைப்பட்டது. ரிக் தூசி என்றாலே தங்கசாமிக்கு ஆகாது. கடைசியில் பேச்சு இப்படி முடிந்தது: ஞாயிற்றுக்கிழமை ஊர் பார்க்கக் கார் கரடு ஏறினால் பட்டறைக்கு மச்சான் இடம் தருவார். ஏறாவிட்டால் மறுநாளே ஒரிசா, ஒரு வருஷத்துக்கு.

இந்தப் பேச்சுக்கு வெகு முன்பே முதல் காரை லாரி மாதிரியே கட்டியிருந்தார். ஆங்கிள் இரும்பு, தடித்த தகடு, மேலே கேரியர், முகப்பில் குலதெய்வத்தின் பெயர். எடை பதினான்கு கிலோ. உள்ளே வைத்த வைப்பர் மோட்டார் முனகியதோடு சரி. கனம்தான் கோளாறு என்று ஒப்புக்கொள்ளவே அவருக்கு நாலு மாதம் ஆனது. பிறகு இரும்பைக் கழற்றி அலுமினியம் போட்டார். கேரியரைக் கழற்றிய அன்று சாப்பிடவில்லை. மூன்று கிலோவுக்கு இறங்கியதும், பேசிய ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம், கார் கரட்டின் உச்சி வரை ஏறியது. பார்த்தது அவர் மனைவி வசந்தாமணியும் இரண்டு வெள்ளாடுகளும்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே கூடியது. சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பட்டனை அமுக்கினார். கார் பழங்களின் மேல் ஏறி இறங்கி நின்றது. பழங்கள் முழுசாகக் கிடந்தன. மறுபடி வைத்தார். மறுபடியும் நசுங்கவில்லை.

"பழத்தை எடுத்துப் போட்டுட்டு ஓட்டுங்க மாமா. முந்தாநேத்து ஏறுச்சில்லீங்க" என்றாள் வசந்தாமணி.

"பழம் நசுங்காம வண்டிய எடுக்கறதா? பதினெட்டு வருசத்துல ஒரு வண்டி அப்படி அனுப்புனதில்ல."

அவள் குனிந்து காரைக் கையால் அழுத்தப் போனாள். அது சாமியை ஏமாற்றுவது என்று தடுத்துவிட்டார். கூட்டமும் தலையாட்டியது. எங்கள் ஊரில் பிரேக் இல்லாத வண்டியைக்கூட எடுப்பார்கள், பழம் நசுங்காத வண்டியை எடுக்க மாட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பழங்களை நானே மிதித்திருப்பேன்.

மறுநாள் காலை தங்கசாமி ரிக்கில் ஏறிப் போனார். அன்று சாயங்காலமே வசந்தாமணி அண்ணனைக் கரட்டுக்குக் கூட்டிப்போய், பழமும் இல்லாமல் சூடமும் இல்லாமல் பட்டனை அமுக்கினாள். கார் உச்சிக்கு ஏறித் திரும்பி வந்தது. செங்கோட்டையன் காரைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். இடம் தருகிறேன், உடனே வரச்சொல்லி எழுது என்றார்.

இருபது நாளில் ஒரிசாவிலிருந்து பதில் வந்தது. வசந்தாமணி அதை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள்.

"பழம் நசுக்காமல் எடுத்த வண்டியை வைத்துத் தொழில் தொடங்கினால் விளங்காது. அதைப் பிரித்துப் போட்டுவிடு. வருஷம் முடிந்து வந்ததும், பழம் நசுங்குகிற கனத்தில் வேறொன்று செய்கிறேன்."