கோடு போடும் வெர்லா

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி. வெர்லா நொவாட்னி தன் பழைய நீலக் காரை நடை வேகத்தில் ஓட்டிக்கொண்டு, வீட்டு வாசல்களில் வரிசையாக நிற்கும் மறுசுழற்சித் தொட்டிகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டே போகிறார். டயப்பர் அட்டைப்பெட்டி கண்ணில் பட்டால் இடது கையில் இருக்கும் எண்ணும் கருவியை ஓர் அமுக்கு அமுக்குவார். குப்பை பொறுக்க வந்த ஆள் என்று நினைத்து ஒருமுறை யாரோ போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். வந்த போலீஸ்காரர் ஆளைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "இன்னிக்கு எத்தனை தேறுச்சு வெர்லா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

எல்ம்ஃபோர்டு பகுதிப் பள்ளிகளையெல்லாம் நடத்தும் பள்ளி மாவட்டத்தின் சேர்க்கை அலுவலகத்தில் வெர்லாவுக்கு இது முப்பத்தோராவது வருஷம். வேலைக்கு வந்தபோது மாவட்டத்தில் மூன்றே பள்ளிகள். சுற்றிலும் சோளமும் சோயாவும்தான். இப்போது பதினாலு பள்ளிகள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சோளக்கொல்லை வீட்டுமனை ஆகிறது என்றால் மற்றவர்கள் விலையைப் பேசுவார்கள். இவர் பாலர் வகுப்புக்கு எத்தனை நாற்காலி என்று பேசுவார். "பெட்டி இன்னிக்குத் தெருவுல கெடந்தா, நாலு வருஷத்துல பையன் என் கவுண்டர்ல நிப்பான்" என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு ஒருதரமும் பெரிதாகப் பிசகியதில்லை. புதுப் பள்ளி வேண்டும் என்று அவர் சொன்ன வருஷத்தில் பிள்ளைகள் வந்து நின்றார்கள், பள்ளியும் வந்தது.

அவர் அறையில் ஒரு சுவர் முழுக்க மாவட்ட வரைபடம். எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளிக்கு என்று பிரிக்கும் கோடுகளை அவர் பென்சிலால்தான் போடுவார். பேனாவை யாராவது பக்கத்தில் கொண்டுபோனால் முறைப்பார். முதன்முதலில் போட்ட கோட்டை லிண்டன் தெருவின் நட்டநடுவே போட்டுத் தொலைத்தார். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி. இரண்டாம் நாளே ஒரு ஆறு வயதுப் பையன் எதிர்வீட்டுச் சிநேகிதன் பின்னால் ஓடி அவனுடைய பஸ்ஸில் ஏறிவிட்டான். மத்தியானம்வரை ஊரே தேடியது. அன்றிலிருந்து வெர்லாவுக்கு ஒரு விதி உண்டு. "தெருன்னா ரெண்டு பக்கமும் சேந்ததுதான். வீடுகளோட பின்வேலில போடு கோட்டை." புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குக் காபி குடிக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுவார்.

அந்த விதியே போன வருஷம் அவருக்கு எதிராகத் திரும்பியது.

பதினாலாவது பள்ளி காட்டன்வுட்டின் பின்வேலியை ஒட்டி எழும்பிக்கொண்டிருந்தது. காட்டன்வுட் என்பது வசதி குறைந்தவர்கள் குடியிருக்கும், இழுத்துவந்து நிறுத்திய நூற்றுப் பன்னிரண்டு டிரெய்லர் வீடுகள். அதில் எண்பத்தாறு பள்ளிப் பிள்ளைகள். ஒவ்வொரு தடவை புதுப் பள்ளி திறக்கும்போதும் எங்கே நாற்காலி காலியோ அங்கே இந்தப் பிள்ளைகளைத் தள்ளிவிடுவது வழக்கமாகிப் போயிருந்தது. ஒன்பது வருஷத்தில் நாலு பள்ளி. இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் யெசேனியா பாரியோஸின் மூத்த மகள் நாலு பள்ளிகளின் பெயர் போட்ட சட்டைகளை வைத்திருந்தாள். இந்தத் தடவையாவது நடந்துபோகிற தூரத்தில் பள்ளி என்று யெசேனியா நம்பியிருந்தார். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் சுவர் எழும்புவது தெரியும்.

வெளியூரிலிருந்து வரவழைத்த நிபுணர் ஒருவர் புதுப் பள்ளிக்கு வரைபடம் தயாரித்துக் கொடுத்தார். அதில் கோடு காட்டன்வுட்டின் பின்வேலி மேலேயே ஓடியது. பள்ளி வேலிக்கு அந்தப் பக்கம். பிள்ளைகள் இந்தப் பக்கம். அவர்கள் பழையபடி நாற்பது நிமிஷம் பஸ்ஸில் போகவேண்டியதுதான். ஹெரான் லேக் என்ற புதுக் குடியிருப்பில் இருநூற்று நாற்பது வீடுகள் வந்துவிட்டதால் மூன்று வருஷத்தில் பள்ளி நிரம்பிவிடும் என்று காரணம் சொன்னார். வெர்லாவைப் பார்த்து, "உங்க விதிதாங்க. பின்வேலில போட்டிருக்கேன்" என்று சிரித்தார்.

வெர்லாவுக்கு முகம் செத்துப்போயிற்று. அன்று வீட்டுக்குப் போகிற வழியில் காட்டன்வுட்டில் இறங்கி, வேலியை ஒட்டி நடந்து பார்த்தார். யெசேனியா வீட்டுப் படியிலிருந்து பள்ளி வாசல் நானூறு அடிகூட இல்லை. தன் விதியை வைத்தே பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டார்களே என்று வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது.

பள்ளிக் குழுவில் ஏழு பேர். பிப்ரவரியில் ஒரு திங்கள்கிழமை மாலை அவர்கள் வரைபடத்தின்மேல் வாக்களிப்பதாக இருந்தது. அலுவலக ஊழியர் ஒருவர் அந்தக் குழுவுக்கு எதிராக வாய் திறப்பது அங்கே பழக்கமில்லை. வெர்லா அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். ஊர்க்காரர்கள் பேசுவதற்கென்று வாசலில் வைத்திருக்கும் சீட்டில் தன் வீட்டு விலாசத்தை நிரப்பி, வரிசையில் போய் நின்றுகொண்டார். ஆளுக்கு மூன்று நிமிஷம். முடிந்தால் சிவப்பு விளக்கு எரியும்.

"பின்வேலில கோடு போடணும்ங்கிறது நான் சொன்ன விதிதான்" என்று ஆரம்பித்தார். "ஒண்ணா இருக்கிற பசங்களைப் பிரிக்கக்கூடாதுன்னு வச்சது. பசங்களை வெளில நிறுத்துறதுக்கு இல்ல. வேலி எடைஞ்சலா இருந்தா வேலில ஒரு கதவு வைங்க."

பிறகு எண்களுக்கு வந்தார். ஒன்றரை வருஷச் செவ்வாய்க்கிழமைகளில் ஹெரான் லேக்கில் டயப்பர் பெட்டி வெளியே வந்த வீடுகள் முப்பத்தொன்றுதான். மிச்ச வீடுகளில் நாய் உணவு டப்பாவும் ஒயின் பாட்டிலும். பிள்ளைகளை வளர்த்து அனுப்பிவிட்டு ஓய்வுக்கு வந்தவர்கள் அவர்கள். காட்டன்வுட்டைச் சேர்த்த பிறகும் பள்ளியில் அறுபது நாற்காலி காலியாகக் கிடக்கும்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று நிபுணர் சற்று ஏளனமாகக் கேட்டார்.

"இவங்க வீட்டுக் குப்பைலேருந்து சார்" என்று வெர்லா கூட்டத்தைக் காட்டினார்.

அரங்கம் சிரித்தது. ஹெரான் லேக்கின் சார்பில், பள்ளியில் நெரிசல் கூடாது என்று பேசுவதற்காக கிர்ஸ்டன் ஆல்ட்ரிச் என்ற தாய் அடுத்து நின்றிருந்தார். அவர் தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார், மடித்தார். "எங்க முடுக்குல ஒன்பது வீடு. என் வீட்ல மட்டுந்தான் பசங்க. என் பொண்ணு வெளையாட ஆளில்லாம தனியா பந்தை அடிச்சிட்டிருக்கா" என்று சொல்லிவிட்டு, நெரிசலைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

ஐந்துக்கு இரண்டு என்று காட்டன்வுட் ஜெயித்தது. வேலியில் கதவு வைக்கவும் அதே மூச்சில் தீர்மானம் ஆயிற்று. பின்வரிசையில் யெசேனியா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எப்படிப் பேசினேன் என்று வெர்லா யாரையும் கேட்கவில்லை. "இன்னும் இருபது செகண்ட் பாக்கி இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனார்.

ஆகஸ்டில் பள்ளி திறந்தது. முதல் நாள் காலை எண்பத்தாறு பிள்ளைகளும் புதுப் பையும் புது ஷூவுமாக வேலிக் கதவு வழியே சாரிசாரியாக நடந்தார்கள். யெசேனியா தொழிற்சாலைச் சீருடையோடு இளைய மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கதவோரம் நின்று எண்ணிக்கொண்டிருந்த வெர்லாவுக்குப் பாதியில் கணக்கு விட்டுப்போயிற்று. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

அந்த நேரம் பார்த்து முப்பத்தொன்றாம் எண் மஞ்சள் பஸ் வந்து காட்டன்வுட் வாசலில் நின்றது. ஒன்பது வருஷமாக அந்தப் பிள்ளைகளை ஏற்றிப்போன டுவேன் ப்ரூயிட் ஓட்டி வந்திருந்தார். அந்த நிறுத்தத்தை அவர் பட்டியலிலிருந்து எடுத்தாயிற்று.

"கை தானா திருப்பிடுச்சு வெர்லா" என்று பஸ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

ஒருவரும் ஏறவில்லை. பிள்ளைகள் அவருக்குக் கையாட்டிவிட்டு வேலிப்பக்கம் ஓடினார்கள்.

வெர்லா மெதுவாக நடந்துபோய், பிள்ளைகள் யாரும் நிற்கவில்லையே என்று பஸ்ஸின் முன்னாலும் பின்னாலும் ஒருதரம் பார்த்துக்கொண்டார். பிறகு உள்ளங்கையால் அதன் பக்கவாட்டில் பலமாக இரண்டு தட்டுத் தட்டி, போகலாம் என்று கையை வீசினார்.