யன்னலைச் சாத்திப் படித்த தவளை

புலம்பெயர்ந்து வந்த இந்த ஊரில் ஒருவரும் என்னிடம், “மகள் வகுப்பில் எத்தனையாம் பிள்ளை?” என்று கேட்பதில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் உங்களுக்கு அது நிம்மதியாகத் தோன்றலாம். எனக்கு வந்த நாளிலிருந்து உறுத்தல்தான். போன மாதம் பெற்றோர் சந்திப்பில் நானே வாய்விட்டுக் கேட்டேன். நாங்கள் பிள்ளைகளை வரிசைப்படுத்துவதில்லை என்றார் உயிரியல் ஆசிரியை. என் மகள் ஆரணிதான் வகுப்பில் கடைசிப் பிள்ளை, மனிசி நாகரிகமாக மறைக்கிறார் என்று முடிவுகட்டினேன். புள்ளியோ எழுபத்தொன்று. ஆனால் அவள் கேட்கும் கேள்விகள் அருமை என்று ஆசிரியை சிரித்தார். கேள்விக்கு யார் புள்ளி போடுகிறார்கள்? வீட்டுக்கு வந்ததும் ரியூசன் வகுப்புக்கு அவளுடைய பெயரைக் கொடுத்தேன்.

யாழ்ப்பாணத்தில் நானும் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். தவளையின் இதயத்துக்கு மூன்று அறைகள் என்பதை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மாரி காலத்தில் வீட்டைச் சுற்றித் தவளைகள் கத்தும். படிக்கவிடாமல் கத்துகின்றனவே என்று எரிச்சலோடு யன்னலைச் சாத்திவிட்டு, தவளையைப் பற்றிப் பாடமாக்கினேன். மருத்துவ பீடம் கொஞ்சப் புள்ளியில் கைநழுவியது. அதன்பிறகு அந்தப் புத்தகத்தை நான் திறக்கவேயில்லை.

ரியூசன் நாட்களில்தான் ஆரணி வேறு சிலரோடு சேர்ந்து பக்கத்திலுள்ள ரூஜ் என்ற சதுப்பு நிலத்தில் தவளைச் சத்தம் பதிவுசெய்யப் போவாள். அதை நிற்பாட்டச் சொன்னேன். அவள் சண்டை பிடிக்கவில்லை. ஒருதரம் வந்து கேளுங்கள், பிறகு நிற்பாட்டுகிறேன் என்றாள். நிற்பாட்டும் எண்ணத்தோடுதான் போனேன். பொழுதுபடும் நேரம், ஏப்ரல் குளிர். நாணலுக்குள் ஏதோ கிரீச்சிட்டது.

“அது கோரஸ் ஃப்ரொக் எண்ட தவளை, அம்மா. சீப்புப் பல்லை நகத்தாலை இழுக்கிற மாதிரி. லிசின்.”

“உதுக்குப் பள்ளிக்கூடத்திலை மார்க்ஸ் போடுவினமோ?”

“இல்லையே. ஏன் போடோணும்?”

எதிர்த்துப் பேசவில்லை, அவளுக்கு உண்மையாகவே என் கேள்வி விளங்கவில்லை. எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. புள்ளி குறைந்தாலும் இவள் புத்தகத்தை மூடிவைக்கப் போவதில்லை. என்னைப்போல் மூடிவிடுவாளோ என்பதுதான் என் பயமெல்லாம் என்று அங்கே நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது. காருக்குள் ஏறியதும் ரியூசன்காரருக்கு அழைத்து, வேண்டாமென்று சொன்னேன்.

ஊர்த் தவளை எப்படிக் கத்தும் என்று ஆரணி கேட்டாள். வாயைத் திறந்தேன். மூன்று அறைகள் வந்தன, சத்தம் வரவில்லை. காலடியில் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு கார் யன்னல் கண்ணாடியை முழுதாக இறக்கினேன். இந்தக் கூச்சலுக்குள் எங்கள் வீட்டுத் தவளை ஒன்றாவது இருக்காதா என்று காதைக் கொடுத்தேன்.

“குளிருது அம்மா, கண்ணாடியைச் சாத்துங்கோ.”

“பொறு பிள்ளை,” என்றேன். “நான் இன்னும் கேட்டு முடிக்கேல்லை.”