மாமாவின் நாயனம்

குரங்கு விரட்டியே என் ஆயுசில் பாதி போய்விட்டது. இன்று காலையிலும் பழைய தகரத்தைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் நின்றேன். கை வலித்ததுதான் மிச்சம். பப்பாளியைத் தின்று முடித்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அவை போயின. இந்த அலுப்பு எனக்கு அம்மாவிடமிருந்து வந்த சீதனம். வேறென்ன இருந்தது அவளிடம், கொடுப்பதற்கு?

அப்போது நாங்கள் மாத்தளைக்கு மேலே ஒரு கொக்கோத் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவுக்குக் கொழும்பில் சாப்பாட்டுக் கடையொன்றில் வேலை. மாதம் ஒருமுறை வருவார், வந்ததும் தூங்குவார். வரிசை வீடான லயத்தில், எங்களுடைய ஒற்றை அறைக் காம்பராவில் அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா, மூன்று பேரும் இருந்தோம். அம்மா மிளகு பறிக்கப் போய்விட்டு வருவதற்குள், பின்னால் போட்டிருந்த போஞ்சியையும் பாகற்காயையும் குரங்குகள் துவம்சம் செய்திருக்கும். ஒருநாள் கூரைத் தகரத்தை விலக்கி உள்ளே இறங்கி, சோற்றுப் பானையையும் காலி பண்ணிவிட்டன. அன்று அம்மா திட்டக்கூட இல்லை. வெறும் பானைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சோறு வடிக்க இன்னொரு தடவை அரிசி கிடையாது.

அதைப் பார்த்துத்தான் மாமா ஒரு காற்றுத் துப்பாக்கி செய்வதென்று முடிவெடுத்தார். அவர் தோட்டத்துப் பட்டறையில் எடுபிடி. யார் எதைக் கழித்துப் போட்டாலும் பொறுக்கிக்கொண்டு வருவார். மருந்தடிக்கும் டேங்கின் குழாய், செத்துப்போன சைக்கிள் பம்ப், மோட்டார் சைக்கிளின் உடைந்த கிளச் பிடி, பலாமரக் கதவு நிலையில் ஒரு துண்டு என்று ஒவ்வொன்றாகக் கட்டிலுக்கடியில் சேர்ந்தன.

சீக்கிரமே முடிந்திருக்க வேண்டிய வேலைதான். ஆனால் மாமாவுக்குக் குறி மயிரிழை பிசகக்கூடாது. அதற்கு அவர் ஒரு நியாயமும் வைத்திருந்தார். குரங்கு ஆஞ்சநேயர் வம்சம், உயிர் போனால் பாவம். ஆகவே குண்டு அதன் குண்டியில் மட்டும்தான் பட வேண்டும்.

"ஆஞ்சநேயரு குண்டியில அடிச்சா மட்டும் புண்ணியமாடா?" என்றாள் அம்மா.

"சும்மா சுள்ளுன்னு வலிக்கும், ஓடிரும். அதுக்குத்தான் அக்கா, குழாய் நேரா இருக்கணும்ங்கிறேன்."

குழாயின் வழியாக வாசல் வெளிச்சத்தைப் பார்ப்பார். தேய்ப்பார். மறுபடியும் பார்ப்பார். மாசக்கணக்கில் பார்த்தார். அதற்குள் குரங்குகள் எங்கள் பூசணிக்கொடியையும் முடித்துவிட்டு, பக்கத்துக் காம்பராக்காரர்களின் கத்தரிக்காய்க்குப் போய்விட்டன.

யுத்தம் முடியாத காலம் அது. பக்கத்து டிவிஷனில் டோர்ச் பெட்டரியும் கொஞ்சம் வயரும் வைத்திருந்த ஒரு பையனை ஆமிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவனுடைய தாய் மாத்தளைக்கும் கண்டிக்கும் பஸ் ஏறி இறங்கியே உருக்குலைந்து போனாள். தமிழன் வீட்டுத் துப்பாக்கி குரங்கின் குண்டிக்குத்தான் என்று சொன்னால் எவன் நம்புவான்? லயத்திலோ காம்பராக்களுக்கு நடுவில் உள்ள சுவர் கூரையைத் தொடாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "நூறு" என்பார்கள். அதனால் துப்பாக்கி என்ற சொல்லே வாயில் வரக்கூடாது என்று அம்மா கட்டளை போட்டாள். அதை நாயனம் என்று சொல்ல வேண்டும். நீளமாக, குழாயாக, காற்றில் வேலை செய்வதாக இருந்ததால் எனக்கும் அந்தப் பெயர் பொருத்தமாகவே பட்டது.

"நாயனம் இந்த ஜென்மத்துல முடியுமாடா?" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். "மாமா, நாயனத்துல காத்து போகுது!" என்று நான் கத்துவேன். ஒரே கூத்துதான் போங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாயனம் முடிந்தது. லயத்துச் சனம் தண்ணீர்ப் பீலியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, மாமா கொய்யா மரத்துக் கிளையில் ஒரு நெருப்புப்பெட்டியை வைத்துச் சுட்டார். பட்டது. மறுபடியும் வைத்தார். மறுபடியும் பட்டது. மாமா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் பின்னேரம் தோட்டத் தலைவர் கோயில் கமிட்டி ஆட்கள் இரண்டு பேரோடு வந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய். வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தார்கள். அம்மா பிளேன்டீ கொடுத்தாள்.

"தம்பி, நீ நாயனம் செஞ்சு வச்சிருக்கியாமே," என்றார் தலைவர். "அம்மன் திருவிழாவுக்கு மேளம் சரிவரல. நீதான் வாசிக்கணும்."

எனக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டேன். மாமாவோ வெளிறிப் போனார். "எனக்கு வாசிக்கத் தெரியாதுங்களே."

"தெரியாட்டி போவுது. நாளைக்குக் காலையில வெளியாளுங்க வர்றாங்க, நாயனம் பாக்க. காம்பரா காம்பராவா பாப்பாங்களாம்." இதைச் சொல்லும்போது அவர் மாமாவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். "அவங்க கண்ணுல பட்டுச்சுன்னா தம்பியையும் சேத்துல்ல கூட்டிக்கிட்டுப் போயிருவாங்க, தங்கச்சி."

அம்மா வெற்றிலைத் தட்டை அவர் பக்கமே நகர்த்தினாள். பிறகு, "அது உடைஞ்சு போச்சுண்ணே," என்றாள்.

"எப்ப?"

"இப்பத்தான்."

"அப்ப சரி," என்று தலைவர் எழுந்துவிட்டார். அம்மா சடாரென்று அவர் காலில் விழுந்தாள். எனக்கு மானம் போயிற்று. நாயனம் வாசிக்க முடியாததற்கெல்லாம் ஒரு மனுசி காலில் விழுவாளா?

அவர்கள் போனதும் அம்மா கையை நீட்டினாள். "குடுடா."

மாமா அதை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். "வச்ச தடவையெல்லாம் பட்டுச்சு அக்கா. ஒரே எடத்துல," என்றார்.

"தெரியும்டா. தெரியும்டா தம்பி," என்று அம்மா அவர் தலையைப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அப்புறம் பலாக்கட்டை அடுப்புக்குள் போயிற்று. பம்பும் பிடியும் பட்டறைக் குப்பைக்குப் போயின. குழாயை மட்டும் அவள் அடுப்பு ஊதுவதற்கு வைத்துக்கொண்டாள். இவ்வளவு நேரான ஊதுகுழல் அந்தத் தோட்டத்தில் எவளிடமும் இருந்திருக்காது.

விடிந்ததும் லயத்தைச் சுற்றி ஆமிக்காரர்கள் நின்றார்கள். ஆம்பிளைகளை வெளியே வரிசையாக நிறுத்தினார்கள். ஒருவன் எங்கள் குசினிக்குள் வந்து எல்லாவற்றையும் கிளறினான். குழாயை எடுத்தான். அதன் வழியாக வாசல் வெளிச்சத்தைப் பார்த்தான், மாமா பார்ப்பது போலவே. இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். அம்மா அதை அவன் கையிலிருந்து வாங்கி, குந்தி உட்கார்ந்து, அடுப்பை ஊதினாள். சாம்பல் பறந்து அவன் முகத்தில் அப்பியது. இருமிக்கொண்டே வெளியே போனான். மத்தியானத்துக்குள் மாமா வீட்டுக்கு வந்துவிட்டார்.

அடுத்த வாரம் திருவிழா. எப்போதும் வரும் அதே மேளக்காரர்கள் மாத்தளையிலிருந்து வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு மாசி மாதமே முற்பணம் கொடுத்தாயிற்று என்று யாரோ பேசிக்கொண்டார்கள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தலைவர் எங்களைக் கடந்து போனபோது அம்மா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். பக்கத்துக் காம்பரா அத்தைமார்களைப் பார்த்தும் கும்பிட்டாள்.

என்னைக் கேட்டால், அன்றைக்குத் தோட்டத்திலேயே பெரிய புத்திசாலி நான்தான். நாயனம் நாயனம் என்று சொல்லி ஒரு லயத்தையே ஏமாற்றிவிட்டோம், மடச் சனங்கள் நம்பிவிட்டார்கள் என்று நினைத்து நினைத்து, அவர்கள் முகத்தைப் பார்த்தே சிரித்தேன். அவர்களும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அத்தனை காம்பராவும் முதல் நாளிலிருந்தே தெரிந்துகொண்டு, மாமா பிழைக்கட்டும் என்று நாயனம் நாயனம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது அப்போது எனக்கு எங்கே தெரிந்தது?