யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கோவிலில் ஒளிந்த ஒன்பது நாள்

முருகனை நம்பும் சொந்தங்களே, போன ஆடி மாதம் நான் பயந்த பயத்தை நீங்கள் சிரித்துக்கொண்டே கேட்கலாம். நானே இப்போது சிரிக்கிறேன்.

மூக்கண்டப்பள்ளியில் கார் பிரேக் பாகம் செய்யும் கம்பெனியில் நான் காண்ட்ராக்ட் தொழிலாளி. ஒரு திங்கட்கிழமை, வண்டி விற்கவில்லை, ஆர்டர் இல்லை, கூப்பிடும்போது வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதுவரை சம்பளம் கிடையாது. பஸ் ஸ்டாப் வருவதற்குள் மனதுக்குள் வீட்டைக் காலி செய்து, சாமான்களைச் சொந்த ஊரான ராஜபாளையத்துக்கு லாரி ஏற்றி, மகளைப் பள்ளிக்கூடமும் மாற்றிவிட்டேன். மனைவி செல்வியிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

மறுநாள் வழக்கம்போல் யூனிஃபார்ம், கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பாக்ஸ். நேராக முருகன் கோவிலுக்குப் போய்த் தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன். அங்கே ஏற்கனவே மூன்று பேர் யூனிஃபார்மில்! ஒருவர் கார் சீட் கம்பெனி, ஒருவர் கண்ணாடி, ஒருவர் லைட். கார் நின்றதும் பாகங்கள் எல்லாம் கோவிலுக்கு வந்துவிட்டன.

"முருகா, கம்பெனியில் என் லைனை ஓடவிடு" என்று தினமும் அழுதேன். அந்த அழுகை மட்டும் விளையாட்டில்லை.

ஒன்பதாம் நாள், சாமிக்கு ரோஜா கொண்டுவந்த பூப்பண்ணை சூப்பர்வைசர் எங்களைப் பார்த்து நின்றார்.

"ஏன்ணா, தினமும் இங்கதான் ஷிஃப்டா? ஓ.டி. உண்டா?"

நாங்கள் நால்வரும் அடையாள அட்டையைச் சட்டைக்குள் தள்ளினோம். அவர் சிரித்தார்.

"ஆவணி முகூர்த்தம் வருது. பேக்கிங் ஷெட்டுக்கு ஆள் பத்தல. வாங்கண்ணா, முருகன் கோச்சுக்க மாட்டாரு."

அன்று சாயங்காலம் செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மத்திகிரியில் ஒரு மாட்டுப்பண்ணையில் வேலை பார்க்கிறாள்.

"எனக்கு எப்பவோ தெரியும். ஒம்பது நாளா சட்டையில கிரீஸ் இல்ல, திருநீறுதான் இருக்கு. கார் விக்கலைன்னா உங்களுக்கு லீவு. மாடு என்னைக்காவது லீவு விட்டிருக்கா? நான் இருக்கேன்ல, என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

ஆவணி முழுக்க ரோஜா கட்டினேன். புரட்டாசியில் கல்யாணங்கள் நின்றன, பூ வேலையும் ஓய்ந்தது. அதே வாரம் ஆயுத பூஜைக்கு வண்டி வாங்கக் கூட்டம் கூடியது, கம்பெனி கூப்பிட்டது. நான் கேட்டது ஒரு வேலை. முருகன், ஒன்று படுத்தால் இன்னொன்று எழுந்திருக்கும்படி இரண்டு கொடுத்தான்.

இப்போது லைன் நிற்கப்போகிறது என்று பேச்சு வந்தாலும் ராத்திரி தூங்குகிறேன். முகூர்த்த மாதங்களில் விடுமுறை நாளன்று பூப்பண்ணைக்குப் போய்வருகிறேன்.

உங்களுக்கும் வேலை நின்றால் முருகனிடம் கேளுங்கள். எந்த வாசலைத் திறப்பது என்பதை அவன் பார்த்துக்கொள்வான். அந்தத் தூணுக்குப் பின்னால் இடம் இருக்கிறது. வீட்டில் சொல்லிவிட்டு, சாதாரணச் சட்டையில் வாருங்கள்.