ஆய்வாளர் வீட்டு டயப்பர்

"துர்நாற்றத்துக்கு அஞ்சாதவர், எவ்வகைக் கழிவையும் கையாளத் தகுதியானவர்" என்று நகராட்சி சான்றளித்த சுகாதார ஆய்வாளர், திறந்த சாக்கடையோரம் நின்று நிம்மதியாக டீ குடிப்பார். கைக்குழந்தையான மகளின் டயப்பரைக் கண்டால் மட்டும் பால்கனிக்கு ஓடுவார். தூக்கியெறியும் டயப்பர் சாக்கடையை அடைக்கும் என்று ஊருக்கே உபதேசித்துவந்ததால், வீட்டில் துணி டயப்பர்தான். துவைப்பது மனைவி.

ஒருநாள் அவள், மஞ்சளாகச் சொட்டிக்கொண்டிருந்த துணியை அவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க, இன்னிக்கு நீங்க அலசுங்க."

"உவ்வே! தள்ளிப் பிடிடி. ஹைப்ரிட்னு ஒண்ணு விக்குதாமே, வெளியில துணி, உள்ள கழட்டி வீசுற பேட். அத வாங்கிடலாமா?"

"அந்த ரெண்டுங்கெட்டான்ல பேடை யாரு உருவறது? உங்க ஆபீஸ்லேர்ந்து ஆள் வருமா?"

ஆய்வாளர் நேராகக் கடைக்குப் போய், தூக்கியெறியும் டயப்பரில் இருப்பதிலேயே பெரிய பாக்கெட்டை வாங்கி, செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்தார்.