கண்ணில் படாத எட்டாவது எழுத்து

வளைகுடாவில், ருவைஸில் ஓர் ஒப்பந்தக் கம்பெனியின் லீவு சிஸ்டத்தை எழுதியவன் எபின். குளச்சல்காரன். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று நம்புகிறவன். அதனால் அவனுடைய சந்தேகமெல்லாம் மனிதர்கள் மேல்தான்.

சோலைமுத்துவின் லீவு விண்ணப்பம் மூன்று நாளாக, ‘இப்படி ஓர் ஊழியர் இல்லை’ என்று திரும்பி வந்துகொண்டிருந்தது. பதினொரு வருடமாக அங்கே வெல்டிங் செய்கிற மனிதரைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? புதுக்கோட்டையில் அவர் மகளுக்கு மறுநாள் கல்யாணம். லீவு பாஸாகாமல் கம்பெனி டிக்கெட் தராது. அன்றிரவு திருச்சி விமானத்தை விட்டால் அடுத்தது தாலி கட்டி முடிந்த பிறகுதான்.

“ஊழியர் நம்பர நல்லா பாத்துப் போடுங்கண்ணே.” மூன்று நாளும் எபின் சொன்னது இதைத்தான்.

“தப்பு வந்துரக் கூடாதுன்னுதான் தம்பி, நாம தங்குற கேம்ப்பப் பாத்துக்கிற ஈசா வாட்ஸ்அப்புல அனுப்புனத அப்படியே காப்பி பண்ணிப் போட்டேன்.”

மற்றவர்கள் நம்பரைக் கையால் அடித்தார்கள், லீவு வாங்கிப் போனார்கள். கவனமாக இருந்தவருக்குத்தான் கேடு.

நான்காம் நாளான அன்று மதியம் எபின் விண்ணப்பத்தில் இருந்த நம்பரையும் கம்பெனிப் பதிவில் இருந்த நம்பரையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தான். ஏழு இலக்கமும் அச்சு அசல் ஒன்றுதான். ப்ரோக்ராமோ வேறு வேறு என்றது. முன்னும் பின்னும் ஸ்பேஸை நீக்கினான். அப்போதும் வேறுதான் என்றது. ஆத்திரத்தில் கீபோர்டை ஓங்கித் தட்டினான். இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் எழுத்துகளை எண்ணச் சொல்லும் புத்தி வந்தது. எட்டு!

கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்தது, வலமிருந்து இடமாகப் படி என்று சொல்லும் குறி. திரையில் தெரியாது, ஸ்பேஸோடும் சேராது. ஈசா அரபி வரிக்கு நடுவே நம்பரை எழுதியிருந்தார். காப்பி பண்ணும்போது அதுவும் கூடவே வந்துவிட்டது. இலக்கம் தவிர எதையும் உள்ளே விடாதே என்று ஒரு வரி சேர்த்தான் எபின். முதல் நாளே எழுதியிருக்க வேண்டிய வரி.

லீவு பாஸானது. டிக்கெட் கேட்டால், விமானத்தில் இடம் தீர்ந்துவிட்டது என்றார்கள்.

கேம்புக்கு ஓடினான். சோலைமுத்து பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, நீங்க போட்டது சரிதான். தப்பு எம்மேலதான். லீவு கெடச்சாச்சு, ஆனா இன்னைக்கு சீட்டு இல்ல.”

சோலைமுத்து போனை எடுத்து மகளை அழைத்தார். மணி அடிக்கும்போதே அதை எபின் கையில் கொடுத்தார்.

“நான் சொன்னா யாரு நம்புறா? நீயே சொல்லு தம்பி.”